வந்தவரை உட்காரவிடாமல் ஓடவைப்பது எப்படி?

மதியச் சாப்பாடு முடிந்து மணி இரண்டேகால். மேடையில் ஒருவர் 67-வது ஸ்லைடைக் காட்டிக்கொண்டிருக்கிறார். முதல் மூன்று வரிசை காலி. கடைசி வரிசையில் நிற்கக்கூட இடமில்லை. சுவரோரம் சார்ஜர் பாயின்ட் இருக்கும் இடங்களில் மட்டும் ஜனநெருக்கடி. பாதிப் பேர் காப்பி மேசைப் பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். மீதிப் பேரில் பலர் கண்ணைத் திறந்தபடி தூங்கும் வித்தையைக் கல்லூரியிலேயே கற்றுத் தேர்ந்தவர்கள். கருத்தரங்கு நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், ஸ்பான்சர் உள்ளே எட்டிப் பார்ப்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

அனுபவமில்லாதவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். பேச்சு நீளமோ, நாற்காலி சரியில்லையோ, ஹால் குளிர்கிறதோ என்று காரணம் தேடிப் போவார்கள். போகாதீர்கள். பேச்சைச் சுருக்கச் சொன்னால் பேச்சாளர் முகம் சுளிப்பார். அவர் சங்கத்தின் முன்னாள் தலைவர். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, பொன்னாடை, நினைவுப்பரிசு என்று காலையில் ஒன்றரை மணி நேரம் போகிறதே என்று கணக்குப் பார்த்தால், அடுத்த சங்கத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு விழாது. நாற்காலியை மாற்றினால் வாடகை கூடும். ஏசியைக் குறைக்கச் சொன்னால் ஹால்காரர், “ரிமோட் எங்க சூப்பர்வைசர்கிட்ட இருக்கு சார், அவர் சாப்பிடப் போயிருக்கார்” என்பார்.

ஆகவே நிகழ்ச்சியைத் தொடவே தொடாதீர்கள். வந்தவர்களைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஆளுக்கு நாலு வேலை கொடுங்கள். வேலைக்குப் புள்ளி கொடுங்கள். புள்ளிக்குப் பரிசு உண்டென்று காட்டுங்கள். அந்தப் பரிசை மாலை ஐந்தரைக்கு மேல், நேரில் இருப்பவருக்கு மட்டும்தான் தருவோம் என்று அறிவித்துவிடுங்கள். கலை இவ்வளவுதான். இனி வருவது செய்முறை.

ஆப் இல்லாமல் ஆட்டம் இல்லை

கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர், “எதுக்குப்பா இதெல்லாம்?” என்று கேட்பார். அவரை அடக்கக் கொஞ்சம் வரலாறு தேவைப்படும். இப்படிப் புள்ளி போட்டு எதையும் ஆட்டமாக்கும் கலைக்குக் கேமிஃபிகேஷன் என்ற பெயரை 2002-ல் உருவாக்கியவர் நிக் பெல்லிங் என்ற பிரிட்டிஷ் நிரலர். பல வருடம் அதை யாரும் சீண்டவில்லை. 2009-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் ஃபோர்ஸ்கொயர் என்ற ஆப் வெளியானது. போன இடத்தில் நின்று ‘வந்துவிட்டேன்’ என்று போனில் தட்டினால் ஒரு பேட்ஜ். ஒரு காப்பிக் கடைக்கு மற்ற எல்லாரையும்விட அதிகம் போனால் அந்தக் கடைக்கு நீங்கள் மேயர். சம்பளம் கிடையாது, அதிகாரம் கிடையாது, காப்பிகூடச் சும்மா கிடைக்குமென்ற உத்தரவாதம் இல்லை. ஆனாலும் மேயர் பதவிக்கு அடித்துக்கொண்டார்கள். விழாவுக்கு வருகிறவர்களைத் தட்டவைக்கலாம் என்று உலகம் கண்டுகொண்டது அப்போதுதான்.

வரலாற்றை இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபோர்ஸ்கொயர் நிறுவனமே 2014-ல் அந்தத் தட்டுகிற சமாசாரத்தைப் பிரித்து ஸ்வார்ம் என்ற தனி ஆப்புக்குத் தள்ளிவிட்டது. கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 2012-லேயே, புள்ளி போடும் இப்படிப்பட்ட ஆப்களில் 80 சதவீதம் 2014-க்குள் வைத்த நோக்கத்தை எட்டாமல் போகும், மோசமான வடிவமைப்புதான் முக்கியக் காரணமாக இருக்கும் என்று கணித்தது. இதையெல்லாம் கமிட்டியில் சொன்னால் பட்ஜெட் பாஸ் ஆகாது.

புள்ளிக் கணக்கு வைக்கும் ஆப் தயாரானதும், அதை டவுன்லோடு செய்வதையே முதல் வேலையாக்குங்கள்; 100 புள்ளி. கருத்தரங்கு நடக்கும் ஹால் பெரும்பாலும் தரைக்குக் கீழேயோ, நாலு கான்கிரீட் சுவருக்கு நடுவிலோ இருக்கும். சிக்னல் வராது. வைஃபை பாஸ்வேர்டு நாற்பதடி தள்ளி ஒரு ஸ்டாண்டியில், முழங்கால் உயரத்தில் எழுதியிருக்கும். ஓடிபி வராது. வந்தாலும் நேரம் முடிந்து வரும். இதனால் நுழைவாயிலில் ஒரு கூட்டம் தேங்கும். கவலை வேண்டாம். அந்தக் கூட்டத்தைப் படமெடுத்து ‘அலைகடலென வரவேற்பு’ என்று போட்டுக்கொள்ளலாம்.

பதிவுப் படிவத்தில் பெயர், போன் நம்பர் என்று நிறுத்தாதீர்கள். பிறந்த தேதி, திருமண நாள், கம்பெனியில் எத்தனை பேர், அடுத்த ஆறு மாதத்தில் ஏதாவது வாங்கும் உத்தேசம் உண்டா எல்லாவற்றையும் கேளுங்கள். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. எதற்காகக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் தகவல் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். நீங்களும் சொல்லுங்கள், ஆறாவது பக்கத்தின் கீழே, எறும்பு எழுத்தில்.

சீல் வேட்டை

எல்லா வேலைகளிலும் மிகவும் பலன் தருவது இதுதான். வாசலில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை கொடுங்கள். அதற்கு ‘பாஸ்போர்ட்’ என்று பெயர் வையுங்கள். அதில் 24 கட்டங்கள். வெளியே ஹாலில் 24 ஸ்டால்கள். ஸ்டாலுக்குப் போய்ப் பேசினால் கட்டத்தில் ஒரு சீல். இருபத்துநான்கும் நிறைந்த அட்டையைப் பெட்டியில் போட்டால் மாலைக் குலுக்கலில் பெயர் சேரும். நவீனமாகச் செய்ய ஆசையென்றால் சீலுக்குப் பதில் க்யூஆர் கோடு ஒட்டுங்கள்.

முதல் இரண்டு ஸ்டாலில் மட்டும் பேச்சு நடக்கும். மூன்றாவதிலிருந்து உரையாடல் இப்படிச் சுருங்கிவிடும்.

“சார், சீல்.”

“போட்டுடறேன் சார். கார்டு ஒண்ணு போடுங்க.”

“கார்டு தீர்ந்துபோச்சே.”

“பரவால்ல, நம்பர் சொல்லுங்க.”

இருவருக்கும் திருப்தி. இவருக்கு ஒரு சீல், அவருக்கு ஒரு ‘லீடு’. அந்த ஸ்டாலில் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்கிறார்களா, டிராக்டர் உதிரிபாகம் விற்கிறார்களா என்று இவர் பார்க்கவில்லை. இவர் வாங்கப்போகிறவரா, வெறும் வேடிக்கை பார்க்கிறவரா என்று அவரும் கேட்கவில்லை. ஆனால் இருவரும் ‘தொடர்பு’ கொண்டுவிட்டார்கள் என்று உங்கள் அறிக்கையில் ஏறிவிடும். அடுத்த நாலு மாதம் இவருக்கு மதியத் தூக்க நேரத்தில் போன் வரும். “சார், எங்க ஸ்டாலுக்கு ஆர்வமா வந்தீங்களே...”

க்யூஆர் முறையில் ஒரு வசதி கூடுதல். முதல் ஆள் எல்லா ஸ்டாலுக்கும் நடந்து க்யூஆர் கோடுகளைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, பக்கத்து நாற்காலிக்காரரின் போன் திரையை ஸ்கேன் செய்து 24 ஸ்டாலையும் பார்த்துவிடுவார்கள். வெளியூரில் கல்யாணத்துக்குப் போன ஒருவர்கூட முழுப் புள்ளி வாங்கக்கூடும். இதை மோசடி என்று நினைக்காதீர்கள். நடக்காமலே புள்ளி தரும் ஆட்டத்தில் நடக்கிறவர்தான் விவரம் தெரியாதவர்.

இதே கதைதான் நடைப் போட்டிக்கும். ‘இரண்டு நாளில் அதிக அடி நடந்தவருக்கு ஸ்மார்ட் வாட்ச்’ என்று அறிவித்துப் பாருங்கள். நாற்காலியை விட்டு எழாமல் போனைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒருவரைக் காண்பீர்கள். அவரைவிடக் கெட்டிக்காரர், போனைப் பந்தி பரிமாறும் தம்பியின் சட்டைப்பையில் போட்டிருப்பார். அந்தத் தம்பி அன்றைக்கு உண்மையிலேயே நடந்திருப்பான். வாட்ச் அவனுக்குப் போகாது.

பழகவைக்கும் பிங்கோ

வந்தவர்கள் தெரிந்த முகத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்பது எல்லா அமைப்பாளர்களுக்கும் உள்ள பழைய குறை. இதற்கு மருந்து ‘பிங்கோ’ அட்டை. ‘வீட்டில் மூன்று பூனை வளர்ப்பவர்’, ‘இடது கைப் பழக்கமுள்ளவர்’, ‘இரட்டைக் குழந்தைகளின் பெற்றோர்’, ‘இமயமலை ஏறியவர்’ என்று கட்டங்கள். அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.

முப்பது வருடம் அணைக்கட்டுகளிலேயே கழித்த மூத்த பொறியாளர் ஒருவர் ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த ஹாலில் உள்ள இளைஞர்களுக்கு ஆயிரம் விஷயம் இருக்கும். இளைஞர் ஒருவர் ஓடி வருவார்.

“சார், நீங்க இடது கையா?”

“இல்லையே தம்பி.”

“பூனை வளர்க்கிறீங்களா?”

“நாய் இருக்கு.”

“சரி சார், வரேன்.”

நாய்க்குக் கட்டமில்லை. அணைக்கட்டுக்கும் இல்லை. தம்பி அடுத்த ஆளிடம் பாய்ந்துவிட்டார். பெரியவர் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, காலம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பிங்கோவை முதலில் முடித்தவருக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் கொடுங்கள். அதை அவர் வீட்டில் ஏற்கெனவே உள்ள ஆறு ஸ்டீல் பாட்டில்களோடு வைத்துக்கொள்வார்.

கேள்விக்கு 50 புள்ளி

தமிழ்க் கூட்டங்களில் ‘யாருக்காவது கேள்வி உண்டா?’ என்று கேட்டால் ஒன்று மயான அமைதி நிலவும். அல்லது மைக் கைக்கு வந்ததும் ஒருவர், “எனக்குக் கேள்வி இல்லை, ஒரு சிறு கருத்து” என்று தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம் பேசுவார். இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. கேள்விக்குப் புள்ளி என்று அறிவித்துவிட்டால் அமைதி ஒழிந்துவிடும். “அருமையான உரை சார். இந்தத் துறையோட எதிர்காலம் எப்படி இருக்கும்?” என்று ஒருவர் கேட்பார். அடுத்தவர், “மிக அருமையான உரை சார். இந்தத் துறையில் உள்ள சவால்கள் என்ன?” என்பார். மூன்றாமவர் எதிர்காலச் சவால்களைக் கேட்பார். மூன்று பேரும் உரை நடந்தபோது சீல் வாங்கப் போயிருந்தவர்கள். பேச்சாளருக்குத் தெரியாது; மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார். உண்மையில் சந்தேகம் உள்ள நாலாமவர் கை தூக்கும்போது நேரம் முடிந்துவிடும்.

மைக் வேண்டாம், போனிலேயே வினாடிவினா வைக்கலாம் என்றால் கஹூட் இருக்கிறது. நார்வேக்காரர்கள் 2013-ல் வெளியிட்டது. வகுப்பறைகளில் பிள்ளைகள் அதற்காகத் துள்ளுவார்கள். சரியான விடையை எவ்வளவு சீக்கிரம் அமுக்குகிறோமோ அவ்வளவு அதிகப் புள்ளி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்த ஆசிரியர், பிள்ளைகளுக்கு எது புரியவில்லை என்று கண்டுபிடிக்க அது உண்மையிலேயே உதவும். நீங்கள் அப்படியெல்லாம் பயன்படுத்த வேண்டாம். ஸ்பான்சர் கம்பெனி எந்த வருடம் தொடங்கப்பட்டது, அதன் லோகோவில் எத்தனை நிறம் என்று கேளுங்கள். கேள்வியைப் படிப்பதற்குள் பாதிப் பேர் ஏதோ ஒரு நிறப் பொத்தானை அமுக்கியிருப்பார்கள். ‘தல ரசிகன் 007’ என்ற பெயரில் ஆடும் ஒருவர் வெல்வார். அவர் யாரென்று கடைசிவரை தெரியாது. கடைசி வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் தலைமை நிதி அதிகாரியாகவும் இருக்கலாம்.

பெயர்ப் பலகை

வாங்கிய புள்ளியை நாலு பேர் பார்க்காவிட்டால் எதற்கு? ஹாலின் நடுவே பெரிய திரை வைத்து, முதல் பத்துப் பேரின் பெயரை ஓடவிடுங்கள். இதற்கு லீடர்போர்டு என்று பெயர். பத்துப் பேர் உற்சாகமாகிவிடுவார்கள். மற்ற எல்லாரும் முதல் நாள் மதியம் பதினொன்றாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துவிட்டு, ஆப்பை மூடிவிட்டுப் போண்டா சாப்பிடப் போய்விடுவார்கள். அறிக்கையில் முதல் பத்துப் பேரை மட்டும் காட்டினால் போதும்.

அமெரிக்காவில் அனஹைம் நகரத்து டிஸ்னி விடுதிகளின் சலவைப் பிரிவில் இப்படிப் பெரிய திரைகள் வைத்து, யார் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறார்கள் என்று பெயரோடு காட்டினார்கள். தொழிலாளர்கள் அதற்கு ‘மின்னணுச் சாட்டை’ என்று பெயர் வைத்ததாக 2011-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. முதலாளி வைத்தால் சாட்டை. கருத்தரங்கில் வைத்தால் அதுவே கேளிக்கை. கட்டணம் கட்டி வருகிறார்கள் அல்லவா? உங்கள் கம்பெனி ஆட்களையே வரச்சொல்லி நடத்தும் ஆண்டு விழாவென்றால் மட்டும் கொஞ்சம் கவனம். மேனேஜர் அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, ஏப்ரலில் சம்பள உயர்வு பேசும்போது வெளியே எடுத்தால், அடுத்த வருடம் எல்லாருக்கும் அன்றைக்கே காய்ச்சல் வரும்.

பொறுமையற்ற ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்தப் புள்ளி வைத்தியத்துக்கு எதிராக ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களையும் சமாளிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு பாலர் பள்ளியில் சோதனை செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் பாடம் தெளிவு. அடுத்த வருடமும் பரிசு வைத்தாக வேண்டும். பெரிதாக.

இன்னும் தெம்பு வேண்டுமென்றால் இயான் போகோஸ்ட்டின் பசுக் கதையைக் கேளுங்கள். அவர் விளையாட்டு வடிவமைப்பாளர், பேராசிரியர். ஃபேஸ்புக் விளையாட்டுகளைக் கிண்டல் செய்வதற்காக 2010-ல் ‘கவ் கிளிக்கர்’ என்று ஒன்றை உருவாக்கினார். திரையில் ஒரு பசு. அதைத் தட்டலாம். தட்டினால் மறுபடி தட்ட ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். வேறொன்றும் கிடையாது. கிண்டல் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்தார். உச்சத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெறுத்துப்போய் 2011-ல் பசுக்களையெல்லாம் மறைத்துவிட்டார். அதற்குப் பிறகும் சிலர் பசு இருந்த காலி இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஸ்பான்சர் கேட்கும் ‘ஈடுபாடு’ இதுதானென்றால் கருத்தரங்கே தேவையில்லை. ஒரு பசு போதும்.

கிராமத்தார் செய்யும் தவறுகள்

நம் ஊரில் விழா நடத்தியவர்கள் யாரும் இதை முறையாகச் செய்யவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்து வரகூரில் கிருஷ்ண ஜயந்திக்கு உறியடி நடக்கிறது. சுற்றுவட்டாரமே திரளும். ஆப் கிடையாது, பதிவு கிடையாது, புள்ளியும் கிடையாது. உறி ஒன்று தொங்குகிறது, அடிப்பவன் அடிக்கிறான், சுற்றி நிற்பவர்கள் அவன்மேல் தண்ணீரை வாரி இறைத்து அடிக்கவிடாமல் செய்கிறார்கள். வழுக்கு மரம் ஏறுபவன் சறுக்கி விழும்போது முழு ஊரும் கத்துகிறது. விதி என்னவென்று அஞ்சு வயதுப் பிள்ளைக்கும் பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. ஆடாதவனும் ஆட்டத்துக்குள் இருக்கிறான். தண்ணீர் இறைப்பவனை யாரும் கணக்கெடுப்பதில்லை. எத்தனை பேர் ‘ஈடுபட்டார்கள்’ என்று வரகூர்க்காரர்களிடம் அறிக்கை கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம்கூடத் தேறாது.

மொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி பக்கத்து ஊர்களில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து களைகட்டும். பந்தி நடக்கும், நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் ஏறும். லீடர்போர்டுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டு விருந்தோடு முடிவதில்லை. பீரோவில் பூட்டி வைத்து, எழுதியவர் வீட்டில் விருந்து வரும்போது எடுத்துப் பார்த்து, வாங்கியதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் உறவில் விரிசல். அங்கே எழுதும் எண் இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள கடன். அதனால்தான் மழையிலும் வருகிறார்கள். உங்கள் ஆப் தரும் 2,350 புள்ளி யாருக்கும் யாரும் பட்ட கடனல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆப்பை அழிக்கும்போது அதுவும் போய்விடும். அதனாலென்ன, திங்கட்கிழமை உங்கள் அறிக்கை போய்ச் சேர்ந்திருக்குமே.

தவறியும் செய்யக்கூடாதவை

சில அமைப்பாளர்கள் ஆர்வக்கோளாறில் செய்யும் காரியங்களால் இந்தத் தொழிலே படுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. அவற்றைப் பட்டியல் போடாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயரை இரண்டு பக்கமும் அச்சிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டால் அது எப்போதும் வெற்றுப் பக்கமாகவே திரும்பி நிற்கும். எதிரில் உள்ளவர் பெயர் தெரியாமல் இருவரும் சிரித்துவிட்டு விலகிவிடுவார்கள். பெயரைப் பெரிய எழுத்தில், ஊரோடும் வேலையோடும் போட்டுவிட்டால் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு பிங்கோ அட்டை எதற்கு?

தேநீர் இடைவேளையைப் பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அரை மணி நேரம் கொடுத்தால், காப்பி வரிசையிலேயே இரண்டு பேர் வியாபாரம் பேசி முடித்துவிடுவார்கள். மேடையில் மூன்று பொன்னாடையைக் குறைத்தாலே அந்த அரை மணி நேரம் கிடைத்துவிடும் என்பதால், இந்தச் சபலம் அடிக்கடி வரும். இடம் கொடுக்காதீர்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எட்டு எட்டுப் பேராக உட்காரவைத்து, அவரவர் வேலையில் உண்மையாக உள்ள சிக்கல் ஒன்றைச் சொல்லச்சொல்லாதீர்கள். போன வருடம் பம்புசெட் ஏன் எரிந்தது, பில் ஏன் பாஸ் ஆகவில்லை என்று பேச்சு வளர்ந்து, சாப்பாட்டு மணி அடித்தாலும் எழமாட்டார்கள். பரிசு இல்லாமலே ஆட்டம் ஓடுகிறது என்று ஸ்பான்சருக்குத் தெரிந்துபோகும். அப்படியும் ஒரு விளையாட்டு வைத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள், அந்த எட்டுப் பேரும் சேர்ந்து அந்த ஒரு சிக்கலைத் தீர்ப்பதையே விளையாட்டாக வைத்துவிடுகிறார்கள். புள்ளி இல்லை, ‘எனக்கு வேண்டாம்’ என்று ஒருவர் எழுந்து போனால் யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்டவர்களைக் கமிட்டியில் சேர்க்காதீர்கள். ஒரே வருடத்தில் ஆப்காரரையும் அட்டை அச்சடிப்பவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முன்னாள் தலைவரிடம் போய், “சார், இருபது நிமிஷம்தான், ஸ்லைடு பத்துக்கு மேல வேண்டாம்” என்று சொல்லாதீர்கள். அவர் ஒத்துக்கொண்டுவிட்டால்? இரண்டேகால் மணிக்கு ஹால் நிறைந்திருந்தால் பிறகு எந்த முகத்தோடு புள்ளி கொடுப்பீர்கள்?

பரிசு நேரம்

மாலை ஐந்தரை என்று சொன்ன குலுக்கலை ஆறேகாலுக்குத் தொடங்குங்கள். ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவோரம் நிற்பார்கள். படத்தில் அது ‘நிறைவு விழாவில் நின்றபடி கண்டுகளித்த கூட்டம்’ ஆகும். முதல் சீட்டை ஸ்பான்சர் கையால் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பான்சரின் சொந்தக் கம்பெனி ஊழியருக்கே முதல் பரிசு விழுந்தால் அதிர்ச்சியடையாதீர்கள். பெட்டியில் ஆர்வமாகச் சீட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான், வேறு வேலையில்லாததால். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனையை அரசு 2003-ல் தடை செய்தது. கருத்தரங்கு வாசலில் குலுக்கல் பெட்டி மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஆரோக்கியமாக இருக்கிறது.

கடைசியாக, 55 அங்குல டிவி என்று மைக்கில் அறிவிக்கும் முன் உங்கள் ஆடிட்டருக்கு ஒரு போன் போடுங்கள். குலுக்கலில் விழும் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வரி உண்டு. பணமாக இல்லாமல் பொருளாகக் கொடுத்தால், அந்த வரி கட்டப்பட்டது உறுதியான பிறகே பொருளை வெற்றியாளர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். மேடையில் டிவியோடு படம் எடுத்துக்கொண்டவரிடம், “அண்ணே, பான் கார்டு வேணும், கூடவே பதினஞ்சாயிரம் ரூபா கட்டணும்” என்று சொல்லும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள். வாலண்டியராக வந்த கல்லூரிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கு 200 புள்ளி.